பீட்டில் கார் எஞ்சினை அல்ட்ராலைட் விமானத்திற்கு ஏற்ப மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்பால், 1929ஆம் ஆண்டில் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினை, தாம் மரத்தால் கட்டிய விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டார். அந்த எஞ்சின் கனமானது; 3.3 லிட்டர் கொள்ளளவு இருந்தும் நிமிடத்திற்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறனே தந்தது. ஆனால் அந்தக் குறைந்த சுற்றுவேகமே அதன் பலமாக அமைந்தது. நீளமான புரொப்பெல்லரை இடையில் கியர் எதுவுமின்றி நேரடியாகச் சுழற்ற அதனால் முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் அந்த இடத்தைப் பிடித்தது வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சின். காற்றால் குளிரும், நான்கு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் இந்த எஞ்சினைக் கொண்டு, பிரான்சின் ட்ருயின் டர்புலன்ட் போன்ற ஒற்றை இருக்கை விமானங்கள் 1950களிலேயே பறந்தன. ஜெர்மனியின் லிம்பாக் நிறுவனம் இதே அடிப்படையில் சான்றளிக்கப்பட்ட விமான எஞ்சின்களைச் செய்தது. ஷைபே ஃபால்கே எனும் மோட்டார் கிளைடர் அவற்றால் பறந்தது. 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் தயாரிக்கப்பட்டதால் இன்றும் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1600 சி.சி. பீட்டில் எஞ்சினை 1835 சி.சி. ஆக்கி, ஓர் ஒற்றை இருக்கை விமானத்தில் நேரடி இயக்கமாகப் பொருத்தும் வேலையை இந்த வழிகாட்டி வரிசைப்படி விளக்குகிறது.

படி 1: விமானமும் விதிகளும்

எஞ்சினை வாங்குவதற்கு முன் அது உங்கள் விமானத்தின் எடை வரம்புக்குள் அடங்குமா என்று பாருங்கள். விமானத்திற்கென மாற்றிய முழு பீட்டில் எஞ்சின் 70 முதல் 75 கிலோ எடையுள்ளது. அமெரிக்காவில் 1982 முதல் நடப்பிலுள்ள பகுதி 103 விதி, உரிமம் தேவைப்படாத அல்ட்ராலைட்டின் வெற்று எடையை 254 பவுண்டாக, அதாவது 115 கிலோவாக வரையறுக்கிறது. எஞ்சினே 70 கிலோ என்றால் மீதி 45 கிலோவில் ஒரு விமானத்தைக் கட்டுவது நடைமுறையில் இயலாது. அந்த வகையில் பறக்க விரும்புவோர் பீட்டில் எஞ்சினை நடுவே வெட்டிச் செய்யும், ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள இரண்டு சிலிண்டர் ‘அரை வோக்ஸ்வேகன்’ பக்கம் போகிறார்கள். முழு எஞ்சினுக்கு உரிய இடம், சொந்தமாகக் கட்டும் சோதனை வகை விமானம். சான்றளிக்கப்படாத எஞ்சினுடன் கட்டிய அத்தகைய விமானத்திற்கு அமெரிக்காவில் வழக்கமாக 40 மணி நேரச் சோதனைப் பறப்பு விதிக்கப்படுகிறது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் அனுமதியும் இன்றி எதையும் பறக்கவிட முடியாது. ஆகவே வரைபட நிலையிலேயே அவர்களுடைய விதிகளைப் படித்துவிட வேண்டும்.

விமானத்தைத் தெரிவு செய்யும்போது இன்னொன்றும் பாருங்கள். மாற்றப்பட்ட எஞ்சின் ஒரு நாள் நின்றுபோகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். குறைந்த வேகத்தில் தரையிறங்கக்கூடிய விமானம் ஒரு வயல்வெளியில் இறங்கிப் பிழைக்கும்.

படி 2: திறன் கணக்கு

கார் எஞ்சினை விமானத்தில் வைப்பவர்கள் செய்யும் முதல் பிழை, காரின் விளம்பரத் தாளிலுள்ள குதிரைத்திறனை அப்படியே நம்புவது. மணிக்கு 90 கிலோமீட்டரில் சமதரையில் ஓடும் பீட்டிலுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 12 கிலோவாட். அதன் எஞ்சினின் உச்சத் திறனான 37 கிலோவாட்டில் அது மூன்றில் ஒரு பங்கு. விமானமோ மேலேறும்போது முழுத் திறனையும், நிலைப் பறப்பில் முக்கால் பங்கையும் மணிக்கணக்கில் கேட்கிறது. காரில் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடியும் தேயாத எஞ்சின் வானில் 50 மணி நேரத்தில் வால்வு எரிந்து நிற்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். பின்வரும் ஒவ்வொரு படியிலும் வெப்பத்தையும், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் அச்சான கிராங்க்ஷாஃப்ட்டையும் (சுருக்கமாக, கிராங்க்) பற்றியே மீண்டும் மீண்டும் பேசப் போவதும் இதனால்தான்.

திறன் என்பது முறுக்கு விசையும் சுற்றுவேகமும் பெருகிய தொகை: நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்கு விசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். மாற்றப்படாத 1600 சி.சி. எஞ்சின் 4,000 சுற்றில் 50 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் அதன் முறுக்கு விசை உச்சமடைவது 2,800 சுற்றில், 106 நியூட்டன் மீட்டராக. 3,200 சுற்றில் 104 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால், அங்கே நமக்குக் கிடைப்பது 35 கிலோவாட், அதாவது 47 குதிரைத்திறன். புரொப்பெல்லர் சுழலும் வேகத்தில் கிடைக்கும் இந்த எண்ணை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். 38 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 7 விழுக்காடு குறைவு. எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே அளவு குறையும்.

படி 3: நேரடி இயக்கமா, சுற்றுக் குறைப்பா

புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் இழுவிசை குறைந்து இரைச்சல் மட்டும் பெருகும். ஒலி வேகம் 15 டிகிரியில் நொடிக்கு 340 மீட்டர். நுனி வேகத்தை 250 மீட்டருக்குள் வைத்திருப்பது நல்லது. 1.35 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் 3,300 சுற்றில் சுழன்றால் நுனி வேகம் 233 மீட்டர், அது சரி. அதே சுற்றில் 1.75 மீட்டர் புரொப்பெல்லரைப் போட்டால் 302 மீட்டர் ஆகிவிடும். எனவே நேரடி இயக்கத்தில் பீட்டில் எஞ்சினுக்குச் சிறிய புரொப்பெல்லரே விதி.

சிறிய புரொப்பெல்லருக்கு ஒரு விலை உண்டு. நின்ற நிலையில், ஒரே திறனுக்கு 1.75 மீட்டர் புரொப்பெல்லர் 1.35 மீட்டரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இழுவிசை தரும். விமானத்தின் வேகம் கூடக் கூட இந்த வித்தியாசம் சுருங்கும். ஆகவே என் தீர்ப்பு இது: மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வழுவழுப்பான சிறுவிமானத்திற்கு நேரடி இயக்க பீட்டில் பொருத்தமானது, கம்பிகளும் தாங்குகட்டைகளும் வெளியே தெரிய 80 கிலோமீட்டரில் மிதந்து செல்லும் விமானத்திற்குப் பொருந்தாது. பின்னதற்குச் சுற்றுக் குறைப்பு கொண்ட எஞ்சின் வேண்டும். சுசுகியின் 993 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினும், சுபாரு ஈஏ81 எனும் 1,781 சி.சி. எஞ்சினும் பல்லாண்டுகளாக அப்படிப் பயன்பட்டு வருகின்றன.

சுற்றுக் குறைப்பைத் தெரிவு செய்பவர் முறுக்கு அதிர்வை அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு எரிப்பும் ஓர் அடி. நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு 2 அடிகள், மூன்று சிலிண்டரில் ஒன்றரை. மூன்று சிலிண்டர் எஞ்சின் 1,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 25 அடிகளும், 2,000 சுற்றில் 50 அடிகளும் விழுகின்றன. ஒரு முனையில் கிராங்க், மறுமுனையில் கனமான புரொப்பெல்லர், நடுவே சுருள்வில்போல் முறுகும் அச்சு என்று அமைந்த இந்தத் தொகுதிக்குத் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அடிகளின் எண்ணிக்கை அதனுடன் ஒத்துப்போகும் சுற்றுவேகத்தில் பல்சக்கரங்கள் நொறுங்கும், அச்சு முறியும். மென்மையான ரப்பர் இணைப்பை இடையில் வைத்து அந்த அதிர்வெண்ணை எஞ்சினின் வெற்றோட்ட வேகத்திற்கும் கீழே தள்ளுவது ஒரு நல்ல தீர்வு. சொந்தமாகக் கியர்பெட்டி வடிக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான மணி நேரம் அதே எஞ்சினில், அதே எடையுள்ள புரொப்பெல்லருடன் ஓடி நிரூபித்ததை வாங்குங்கள்.

படி 4: பிரித்தலும் ஆய்வும்

பழைய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் கடைசித் திருகு வரை பிரித்தாக வேண்டும். மக்னீசியக் கலவையாலான கிராங்க்கேஸின் இரு பாதிகளிலும் பேரிங் அமரும் இடங்கள் நசுங்கியுள்ளனவா, நடு பேரிங்கின் அருகே விரிசல் உள்ளதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் பேரிங் இடங்களை ஒரே நேர்கோட்டில் மீண்டும் கடையும் ‘லைன் போரிங்’ செய்ய வேண்டும். விரிசல் இருந்தால் பற்றவைக்க முயலாமல் வேறு கேஸ் தேடுங்கள். கிராங்க், கனெக்டிங் ராடு ஆகியவற்றை, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் காட்டும் காந்தத்துகள் ஆய்வுக்கு அனுப்புங்கள். பழைய எக்ஸாஸ்ட் வால்வுகள் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அவற்றைத் தூக்கி எறியுங்கள். வெப்பத்தில் களைத்த வால்வின் தலை தண்டிலிருந்து முறிந்து சிலிண்டருக்குள் விழுவது இந்த எஞ்சினின் நன்கறியப்பட்ட மரண வழி.

கொள்ளளவைப் பொறுத்தவரை, 85.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழைய சிலிண்டர்களுக்குப் பதிலாக 92 மில்லிமீட்டர் சிலிண்டர்களை வைத்து, 69 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டத்தை மாற்றாமல் விட்டால் 1835 சி.சி. கிடைக்கும். 92 மில்லிமீட்டர் சிலிண்டரின் வெளி அளவு 94 மில்லிமீட்டர் சிலிண்டருக்குச் சமம் என்பதால் அதன் சுவர் தடிமனாக இருக்கிறது. வெப்பத்தில் கோணாமல் இருக்க அது உதவும். ஓட்டத்தை 82 மில்லிமீட்டராக்கினால் 2180 சி.சி.யும் 80 குதிரைத்திறனும் வரும். ஆனால் சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதியான ஹெட்டில் உள்ள குளிர்விப்புத் தகடுகளின் பரப்பு அப்படியேதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கூடுதல் திறனைப் புறப்பாட்டுக்கும் ஏற்றத்துக்கும் சில நிமிடங்கள் பயன்படுத்தலாமே தவிர, தொடர்ந்து எடுக்க முடியாது. முதல் எஞ்சினுக்கு 1835 போதும்.

படி 5: கிராங்க்கும் புரொப்பெல்லர் இணைப்பும்

முழு வேலையிலும் உயிர்நாடி இதுவே. பீட்டில் கிராங்க்கிற்கு நான்கு முதன்மை பேரிங்குகள். மூன்று பேரிங்குகளில் அச்சின் விட்டம் 55 மில்லிமீட்டர். பெல்ட் சக்கரத்தின் பக்கமுள்ள நான்காவதில் 40 மில்லிமீட்டர் மட்டுமே. காரில் அந்த முனை மின்விசிறி பெல்ட்டை இழுத்தால் போதும் என்பதால் வடிவமைத்தவர்கள் அதைச் சிறிதாக விட்டார்கள். நாமோ அங்கேதான் புரொப்பெல்லரை மாட்டுகிறோம்.

நேரான இழுவிசை சிக்கல் இல்லை. கிளட்ச் மிதிக்கும்போது கிராங்க் எந்தத் திசையில் தள்ளப்படுமோ அதே திசையில்தான் முன்னே மாட்டிய புரொப்பெல்லரும் இழுக்கிறது. அதைத் தாங்கும் விளிம்பு ஏற்கெனவே உள்ளது. சிக்கல் திரும்பும்போது வருகிறது. சுழலும் புரொப்பெல்லர் ஒரு பம்பரம். விமானத்தின் மூக்கை இடமோ வலமோ திருப்பினால் அது கிராங்க்கின் முனையை மேலோ கீழோ வளைக்க முற்படும். வளைக்கும் திசை மாறாமல் நிற்க, கிராங்க் சுழல்வதால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நசுங்குகிறது. நிமிடத்திற்கு மூவாயிரம் முறை. சாவிக் காடியின் கூர்மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி, ஒரு நாள் புரொப்பெல்லர் தனியாகப் பறந்துபோகும். விமானங்களுக்கென மாற்றிய செவ்ரலே கோர்வேர் கார் எஞ்சின்களிலும் பறப்பின்போது கிராங்க் முறிவுகள் நேர்ந்து, அதன் பிறகே முன்முனையில் ஐந்தாவது பேரிங் சேர்க்கும் வழக்கம் வந்தது.

ஆகவே காரின் பெல்ட் சக்கரத் திருகில் புரொப்பெல்லர் இணைப்பை மாட்டுவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். வார்க்காமல், எஃகை அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்டு) கிராங்க்கும், சூடாக்கி இறுக்கமாக ஏற்றி, அகலமான பேரிங்கால் தாங்கப்படும் நீண்ட இணைப்புக் குழலும் வேண்டும். ஃப்ளைவீல் பக்கம் புரொப்பெல்லரை மாட்டுவது மற்றொரு வழி. அங்கே 55 மில்லிமீட்டர் தாங்கல் இயல்பாகவே உண்டு. பக்கத்தை மாற்றினால் சுழலும் திசையும் மாறும். பெல்ட் சக்கரப் பக்கம் மாட்டிய புரொப்பெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழலும். ஃப்ளைவீல் பக்கம் மாட்டியது வலஞ்சுழி. புரொப்பெல்லர் வாங்குமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 6: பூட்டுதல்

கிராங்க்கின் முன்பின் அசைவு 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் வரும்படி மெல்லிய இடைத்தகடுகளைத் தெரிவு செய்யுங்கள். கேஸின் 12 மில்லிமீட்டர் நட்டுகளுக்கு 34 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டர் ஹெட் நட்டுகளுக்கு 32, 8 மில்லிமீட்டர் என்றால் 25. அழுத்த விகிதத்தை 7.5 அருகே வைத்திருங்கள். அதற்கு மேல் போனால் சாதாரணப் பெட்ரோலில் தட்டல் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும், விமானத்தின் இரைச்சலில் அது உங்கள் காதுக்கு எட்டாது. காரில் இந்த எஞ்சினுக்குக் கம்பிவலை வடிகட்டி மட்டுமே உண்டு, ஆயிலும் வெறும் 2.5 லிட்டர், எனவே ஆயில் முழுவதும் கடந்து செல்லும் வடிகட்டியையும் தனி ஆயில் கூலரையும் சேர்ப்பது கட்டாயம்.

படி 7: தீப்பொறியும் எரிபொருளும்

ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓட்டும்படி இரு தீப்பொறி அமைப்புகள் இருக்க வேண்டும். பேட்டரி தேவைப்படாத மேக்னெட்டோ ஒன்றும், மின்னணு அமைப்பு ஒன்றும் வைப்பது எனக்கு மிகவும் பிடித்த இணை. ஹெட்டில் இரண்டாவது பிளக்குக்குத் துளையிடும் வேலையை அனுபவமுள்ள லேத் பட்டறையில் மட்டும் கொடுங்கள். துளைக்கும் வால்வு இருக்கைக்கும் நடுவே விரிசல் விழ வாய்ப்பு அதிகம். முழு வேகத்தில் தீப்பொறியின் முன்னேற்றம், அதாவது பிஸ்டன் உச்சியை அடையும் முன் தீப்பொறி விழும் கிராங்க் கோணம், 28 டிகிரி அளவில் இருக்கட்டும்.

தொட்டி உயரத்திலும் கார்புரேட்டர் எஞ்சினுக்கு அடியிலும் இருந்தால் எரிபொருள் தானாக இறங்கும், பம்பு தேவையில்லை. 60 குதிரைத்திறனில் எஞ்சின் மணிக்கு 18 லிட்டர் அளவு குடிக்கும். தானாக இறங்கும் அமைப்பில் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 27 லிட்டர், மூக்கு மிக அதிகமாக உயர்ந்திருக்கும் ஏற்ற நிலையிலும் தொட்டி ஏறக்குறைய காலியாக இருக்கும்போதும் வழிகிறதா என்று ஓர் அளவுக் குடுவையையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பாருங்கள். குழாய்களை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, வெப்பக் காப்பு உறை போட்டுக் கொண்டு செல்லுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது நீரை ஈர்க்கும், சில பிசின்களாலான தொட்டிகளைக் கரைக்கும், சாதாரண ரப்பரை ஊதவைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே வாங்க வேண்டும்.

கார்புரேட்டரில் பனிக்கட்டி உறைவதை வெப்ப நாட்டினர் பொருட்படுத்துவதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகிய கழுத்தில் காற்று விரியும்போதும் வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் வீழலாம். ஈரமான 25 டிகிரிக் காலையில், திறனைக் குறைத்து இறங்கும்போது உள்ளே பனி படியும். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறையிலிருந்து சூடான காற்றை எடுக்கும் ஒரு கதவு கட்டாயம் வேண்டும்.

படி 8: குளிர்விப்பு

காரின் விசிறியைக் கழற்றிவிடுகிறோம். புரொப்பெல்லரின் காற்றும் பறக்கும் வேகமும் அதன் வேலையைச் செய்ய வேண்டும். காற்று முகத்தில் படுவதால் மட்டும் எஞ்சின் குளிர்வதில்லை. தகடுகளுக்கு இடையே புகுந்து வெளியேற வேண்டும். சிலிண்டர்களுக்கு மேலே அழுத்தம் கூடிய அறையும் கீழே அழுத்தம் குறைந்த அறையும் அமையும்படி அலுமினியத் தகட்டால் தடுப்புகள் செய்து, மூடியோடு சேரும் விளிம்பெங்கும் சிலிக்கோன் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி நான்கு இருந்தால் காற்றின் பெரும்பகுதி அவ்வழியே தப்பிவிடும். வெளியேறும் வாயில் உள்ளே வரும் வாயிலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனெனில் சூடான காற்று விரிந்திருக்கும்.

ஹெட்டை வார்க்கும்போது தகடுகளுக்கு நடுவே, முக்கியமாக எக்ஸாஸ்ட் வாயிலின் அருகே, உலோகப் பிசிறுகள் அடைத்துக்கொண்டு நிற்கும். மெல்லிய அரத்தால் ஓர் முழு நாள் உட்கார்ந்து அவற்றை அரித்தெடுங்கள். பணச் செலவே இல்லாத இந்த வேலை, விலையுயர்ந்த பல பாகங்கள் தரும் பயனைவிட அதிகம் தரும். நான்கு ஹெட் இடங்களிலும் வெப்பமானி வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால், எது சூடாகிறதோ அது அளக்கப்படாத சிலிண்டராகத்தான் இருக்கும். ஹெட் வெப்பநிலை தொடர் ஓட்டத்தில் 200 டிகிரிக்குக் கீழும், ஆயில் 110 டிகிரிக்குக் கீழும் இருக்கட்டும்.

படி 9: பொருத்துதலும் எடைச் சமநிலையும்

எஞ்சின் தாங்கியை விமானத் தரமான குரோமியம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் பற்றவையுங்கள். தீத்தடுப்புச் சுவர் குறைந்தது 0.4 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகடாக இருக்கட்டும். பிறகு எடையைக் கணக்கிடுங்கள். வரைபடத்தில் கருதியதைவிட எஞ்சின் 12 கிலோ கூடி, அது ஈர்ப்பு மையத்திற்கு 1.1 மீட்டர் முன்னே இருந்தால், 280 கிலோ விமானத்தின் மையம் 45 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிடும். அனுமதித்த எல்லையே 120 மில்லிமீட்டர் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. பேட்டரியைப் பின்னே தள்ளுங்கள்; வாலில் ஈயம் கட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: தரைச் சோதனை

வாலை உறுதியான நங்கூரத்தில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, புரொப்பெல்லரின் சுழல்தளத்தில் ஒருவரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லரின் இரு நுனிகளும் ஒரே தளத்தில் 3 மில்லிமீட்டருக்குள் செல்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புதிய எஞ்சினைச் சில நிமிட ஓட்டங்களாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுவதும் ஆறவிட்டு ஓட்டுங்கள். நின்ற நிலையில் முழுத் திறனில் 2,900 முதல் 3,000 சுற்று கிடைத்தால் புரொப்பெல்லரின் சாய்வு ஏறத்தாழ சரி. பறப்பில் சுற்று மேலும் கூடும். முதல் மணி நேரத்திற்குப் பிறகு ஹெட் நட்டுகளையும், குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டர் வால்வு இடைவெளியையும், மர புரொப்பெல்லரின் போல்ட்டுகளையும் மீண்டும் சரிபாருங்கள். மரம் பருவத்திற்கேற்ப ஈரம் ஏற்றும், உலரும். கோடைத் தொடக்கத்தில் அந்தப் போல்ட்டுகள் தளர்ந்திருப்பது வழக்கம்.

மூக்கை ஏற்றக் கோணத்திற்கு உயர்த்திக் கட்டி, வெப்பநிலைகள் எல்லை தாண்டாதவரை முழுத் திறனில் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். சுற்று ஒருமுறையேனும் தடுமாறினால் காரணம் தெரியும்வரை பறக்காதீர்கள்.

படி 11: முதல் மணி நேரங்கள்

முதல் பறப்பு நீண்ட ஓடுதளத்தில், குளிர்ந்த காலையில், எஞ்சின் நின்றாலும் திரும்பி இறங்கக்கூடிய உயரத்தில் களத்தைச் சுற்றியே இருக்கட்டும். ஒவ்வொரு பறப்பிலும் நான்கு ஹெட் வெப்பநிலை, ஆயில் வெப்பநிலை, ஆயில் அழுத்தம், சுற்றுவேகம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு சிலிண்டரின் வெப்பநிலை மற்றவற்றைவிட மெல்ல மெல்ல விலகிப் போவதை அந்தக் குறிப்புகளே முதலில் காட்டும். 5 மணி நேரத்தில் ஆயிலை மாற்றுங்கள். பிறகு 25 மணி நேரத்திற்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கழற்றிய வடிகட்டியை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். அதில் மினுமினுக்கும் துகளைக் காந்தம் இழுத்தால் எஃகு, இழுக்காவிட்டால் பேரிங் உலோகமோ பிஸ்டனோ. எதுவானாலும் எஞ்சினை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்து நான்காம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.